ஏற்காட்டைப் பற்றிய குறள் வெண்பாவில் தளை எங்கே தட்டுகிறது?

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி)

வணக்கம். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையைப் பற்றி, கல்லூரிப் போட்டி ஒன்றிற்காக என் மகள் எழுதிய குறள் வெண்பா இது:

காப்பி மலர்ந்து கமழும் சேர்வராயன்
காத்திருக்க வைக்கும் மழை

"தளை தட்டுகிறது" (சீரோடு அடுத்த சீர் இணையும் முறை பிழைக்கிறது) என்று மட்டும் குறித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஏழு சீர்களும் சரியாக இருப்பதாகவே தோன்றுகிறது. பாடலின் திணையையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மலை என்பதால் குறிஞ்சி என்பது மகளின் கருத்து, காத்திருத்தல் என்பதால் முல்லை என்பது என் கருத்து. விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

தட்டுவது ஓரிடத்தில்தான். "கமழும்" என்பது கம/ழும் என நிரை (மெய்யை எண்ணாமல், குறில் முதலான ஈரெழுத்து அசை), நேர் (ஓரெழுத்து அசை) எனப் பிரிந்து, நேரில் முடியும் ஈரசை மாச்சீரான புளிமா ஆகிறது. மாச்சீரின் முன் (அதாவது அதை அடுத்து) நிரையசை வந்தால்தான் வெண்பாவுக்குரிய இயற்சீர் வெண்டளை. இங்கோ "சேர்" என்னும் நேரசை வருவதால் அது ஆசிரியப்பாவுக்குரிய ஆசிரியத்தளையாகிவிடுகிறது. மற்ற இடங்களில் குறையில்லை; ஈற்றுச் சீராகிய "மழை"யும் மலர் என்னும் வாய்பாட்டில் முறையாக முடிகிறது. "கமழ்ந்திடும்" என்று மாற்றினால் நிரையில் முடியும் விளச்சீராகி, விளம் முன் நேர் வருவதால் தளை சரியாகும்.

மறுமொழி 2

இலக்கணப்படி சரியே. ஆனால் அந்த "இடும்" இடத்தை அடைக்க வந்த சொல்லாகவே ஒலிக்கிறது. வெண்பா பழகுவோர் எல்லோரும் முதலில் கையை நீட்டும் சொல் அது. "கமழ்கின்ற" என்றால் கமழ்/கின்/ற எனப் புளிமாங்காய் என்னும் மூவசைக் காய்ச்சீர். காய் முன் நேர் வருவதால் வெண்சீர் வெண்டளை அமைகிறது. அடியும் சற்று நீண்டு நடப்பது காத்திருப்புக்குப் பொருந்துகிறது. இயற்சீர் வெண்டளையும் வெண்சீர் வெண்டளையும் கலந்து வருவதால் இதன் ஓசை ஒழுகிசைச் செப்பலோசை. எதுகையை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றுவதை) குறை சொன்னால், காப்பி, காத்தி என இரண்டிலும் வல்லின மெய் வருவது வல்லின எதுகை என்று பதில் சொல்லலாம்.

மறுமொழி 3 (ஏற்காடு)

யாப்பில் எனக்குப் பயிற்சி குறைவு. காப்பித் தோட்டத்தில் உண்டு. கோடையில் ஒரு மழை விழுந்தால் 8 முதல் 10 நாட்களில் மல்லிகை மணத்துடன் செடி வெள்ளையாகப் பூத்துவிடும். காய் பிடிக்கச் சில வாரங்களில் இன்னொரு மழை வேண்டும். அது தவறினால் பூத்த அளவுக்குக் காய் நிற்காது. பாடலில் பூ மலர்ந்துவிட்டது, ஆகவே மலை காத்திருப்பது இந்த இரண்டாம் மழைக்குத்தான். அதில் காதலின் ஏக்கத்தைவிட விளைச்சலைப் பற்றிய கவலையே எனக்குத் தெரிகிறது.

மறுமொழி 2 (மீண்டும்)

அப்படியானால் நிலம் குறிஞ்சி, உரிப்பொருள் (திணைக்குரிய உணர்வு) முல்லையின் இருத்தல், அதாவது காத்திருத்தல் என, இரு திணைகள் கலந்த திணை மயக்கமாகக் காட்டலாம். தொல்காப்பியம் திணை மயக்கத்தை விலக்கவில்லை. காத்திருப்பது தலைவியன்று, மலையே என்பதைத் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். "வாராதோ" போன்ற புலம்பல் சொல் ஒன்றுகூட இல்லாமல் அந்தக் கவலை வெளிப்படுவதே இப்பாடலின் மெய்ப்பாட்டுக்கு (உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு) வலு.

கேள்வி கேட்டவர்

"கமழ்கின்ற" என்றே மாற்றிவிட்டாள். இரண்டாம் மழைச் செய்தியைத் திணை விளக்கத்தின் முதல் வரியாக வைக்கப் போகிறாள். மூவருக்கும் நன்றி.