13 அடி ஸ்பே ராடுக்கு எந்த லைன் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஜூனில் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில், கிராண்டவுன் பக்கம் ஃப்ளை (இறகு, நூல் கட்டிய செயற்கை இரை) போட்டு சால்மன் பிடிக்கப் போகிறேன். ராடு தயார்: 13 அடி, 7 வெயிட் (எவ்வளவு கனமான லைனுக்கான ராடு என்ற எண்), இரண்டு கையால் வீசுவது. லைனில்தான் குழப்பம்.

ஒற்றைக் கை ராடுக்கான 7 நம்பர் லைன் இதை வளைக்கக்கூடப் போதாது என்பதால் கிரெய்ன் (லைனின் எடை அலகு) கணக்கில் தேடுகிறேன். கடைக்காரர் 520 கிரெய்ன் ஸ்காஜிட் ஹெட்டைத்தான் (ஹெட் என்பது லைனின் கனமான முன்பகுதி; ஸ்காஜிட் குட்டையான, தடித்த வகை) போடச் சொல்கிறார். சுமார் 34 கிராம். கனமான சிங்க் டிப் (மூழ்கும் நுனி), பெரிய ட்யூப் ஃப்ளை (குழாயில் கட்டியது) என்றால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, சரி. ஆனால் கோடையில் தண்ணீர் இறங்கித் தெளிந்திருக்கும், சின்ன ஃப்ளையை மேலாகவே விட வேண்டும். அந்த நேரத்தில் குட்டையான தடித்த ஹெட் தொப்பென்று விழுந்தால் மீன் மிரளாதா? அதுவும் எனக்குக் கொஞ்சமாவது ஒழுங்காக வருவது சிங்கிள் ஸ்பே (லைனைப் பின்னால் முழுதாக வீசாமல், தண்ணீரைத் தொட்டு எறியும் முறை). அதற்கு 460 கிரெய்ன் வாக்கில் ஒரு ஸ்காண்டி ஹெட்தான் (ஸ்காஜிட்டை விட நீளமான, நுனி நோக்கி மெலியும் வகை) தோது என்று படுகிறது.

இப்படி 13 அடி ராடில் ஸ்காண்டி போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஹெட் 35 அடி போதுமா, இன்னும் நீளம் வேண்டுமா? இடுப்பளவு தண்ணீரில் நின்று, முதுகுக்குப் பின்னால் மரக்கிளை இருக்கும்போது எது சுலபமாகத் திரும்புகிறது?

அப்புறம் ரன்னிங் லைன் (ஹெட்டுக்குப் பின்னால் வரும் மெல்லிய லைன்). மோனோ (ஒற்றை இழை நைலான்) தூரம் போகும், ஆனால் ஈரக்கையில் வழுக்குகிறது, சிக்கும் விழுகிறது. பூச்சுப் போட்ட லைனுக்கே போய்விடலாமா?