எந்தப் பண்ணை வீட்டுப் பிள்ளை? வேல்ஸ் கிராமங்களில் கேட்ட குடும்பக் கதைகள்

லாம்பீட்டர் பக்கத்திலிருந்து:

என் கணவரின் ஊர் மேற்கு வேல்ஸில், லாம்பீட்டருக்கும் ட்ரெகாரனுக்கும் நடுவே இருக்கிறது. ஆட்டுப் பண்ணைக் குடும்பம். பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்துக் கதையும் தெரிய வேண்டும் என்பதால், கல்யாணமாகி வந்த புதிதிலேயே இவர்கள் வம்சத்தைத் தேட ஆரம்பித்தேன். ஆனால் இந்தப் பக்கம் குடும்பப் பெயரை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்று எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் அதே பெயர்கள்தான். கிராமப்புறங்களில் 18-ம் நூற்றாண்டு வரைக்கும், சில மலைப்பகுதிகளில் அதற்குப் பிறகும், பிள்ளையின் பெயரோடு அப்பா பெயர் சேர்ந்து வருவதுதான் வழக்கம், நம் இனிஷியல் மாதிரி. பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் அப்பாவின் பெயரே நிரந்தரக் குடும்பப் பெயராகத் தங்கிவிட்டது. அதனால் ஒரே ஊரில் ஒட்டும் உறவும் இல்லாத பத்து ஜோன்ஸ் குடும்பங்கள் இருக்கும்.

வழி காட்டியவர் என் மாமியார். "பெயரை விடும்மா, எந்தப் பண்ணை என்று கேள்" என்றார். இங்கே ஒருவரை அடையாளம் சொல்வதே வீட்டுப் பெயரைச் சேர்த்துத்தான். கடையில், சந்தையில், தேவாலய வாசலில் எல்லாம் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கல்லறைக் கல்லிலும் இறந்தவர் பெயருக்குக் கீழே பண்ணையின் பெயர் செதுக்கியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு 1840-களில் தசமபாக வரிக்காக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் வரி) வரைந்த வரைபடத்தைப் பார்த்தேன். பண்ணை, உரிமையாளர், குத்தகைக்காரர், ஒவ்வொரு வயலின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. அப்புறம் 1841-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே வீட்டைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பின்தொடர்ந்தேன். 1891-லிருந்து வேல்ஸில் யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்ற கேள்வியும் சேர்ந்தது. கணவரின் முன்னோர் வீட்டில் பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை எல்லோருக்கும் நேராக வேல்ஷ் மட்டும் என்று பதிவாகியிருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942-ல் தீயில் அழிந்துவிட்டன. 1941-ல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. அந்த இடைவெளியில் எனக்குக் கிடைத்ததெல்லாம் மாமியார் வாயால் கேட்டதுதான், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உயிருள்ளது.

அவர் பிறந்தது லண்டனில். அந்தக் காலத்து லண்டன் பால் கடைகளில் பெரும்பகுதி வேல்ஸ்காரர்கள் கையில் இருந்தது, அவர்களிலும் எங்கள் ஊர் இருக்கும் கார்டிகன்ஷயர் பகுதிக்காரர்கள்தான் அதிகம். விடியும் முன்பே எழுந்து பால் ஊற்றுவார்கள், ஞாயிறானால் லண்டனிலேயே இருக்கும் வேல்ஷ் தேவாலயத்துக்குப் போவார்கள். இறந்தால் உடலை ரயிலில் ஏற்றி சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்த குடும்பங்களும் உண்டு. 1940-ல் குண்டுவீச்சு தொடங்கியதும் மாமியாரைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். ட்ரெகாரன் ஸ்டேஷனில் இறங்கியபோது கிளம்பிவந்த புழுதியையும் நாயையும் எண்பது வயதிலும் சொல்வார். அந்த ரயில் பாதையில் 1965-ல் பயணிகள் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்.

அவர் மிகவும் ஆசையாகச் சொல்வது ரோமம் கத்தரிக்கும் நாளைப் பற்றித்தான். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு நாள் குறித்திருக்கும். சுற்றுவட்டாரம் முழுக்க அந்த வீட்டுக்கு வந்து வேலை செய்யும், அடுத்த நாள் எல்லோரும் இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். கூலி கிடையாது, பதிலுக்கு வேலைதான். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கத்தரிக்க, சிறுவர்கள் ஆடுகளைப் பிடித்துவர, பெண்கள் பந்தி பந்தியாகச் சாப்பாடு போடுவார்கள். ஒரு வீட்டுக்கு ஆள் போகாமல் இருந்தால் அது பெரிய மனக்கசப்பாகிவிடுமாம். குளிர்காலமானால் தினமும் கவுல்தான்: ஆட்டுக்கறியோ உப்பிட்ட பன்றிக்கறியோ போட்டு, லீக்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்துக் கொதிக்கவைத்த சூப். மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டால்தான் அதன் ருசி. புத்தாண்டு காலையில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிப்போய்க் காசு வாங்குவார்கள், மதியம் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதன்பிறகு எந்தக் கதவும் திறக்காது.

மற்றவர்களும் எழுதுங்கள். பெரியவர்கள் சொல்லும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாலா என்ற ஊரிலிருந்து:

அக்கா, நான் வேலைக்காக வட வேல்ஸுக்கு வந்தவன். எங்கள் தெருவில் எழுபது தாண்டிய ஒருவர் இருக்கிறார். எந்தப் பண்ணை என்று கேட்டால் லின் கெலின் ஏரியைக் காட்டுவார். அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருந்ததுதான் கப்பெல் கெலின் கிராமம். ஒரு பள்ளி, தபால் ஆபீஸ், தேவாலயம், சில வீடுகள், சுற்றிலும் பண்ணைகள். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்க 1957-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. அப்படியும் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு ஊரே குழந்தைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனது. இவர் அப்போது சின்னப் பிள்ளை, இவருடைய அக்கா மட்டும் போனாராம்.

1963-ல் பள்ளியை மூடினார்கள். அந்தப் பள்ளியில் கடைசியாகப் படித்த பிள்ளைகளில் இவரும் ஒருவர். மரங்களை வெட்டியதும், வீடுகளை இடித்ததும், லாரிகள் போய்வந்ததும் அப்படியே நினைவிருக்கிறது என்பார். கல்லறைத் தோட்டத்தில் சில குடும்பங்கள் மட்டும் தங்கள் ஆட்களின் உடல்களைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்தன. மற்றவர்களை அங்கேயே விட்டு மேலே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். இவர் பாட்டி அங்கேதான் இருக்கிறார். 1965 அக்டோபரில் நடந்த திறப்பு விழா மக்கள் எதிர்ப்பில் சில நிமிடங்களில் முடிந்துபோனது. லிவர்பூல் நகராட்சி 2005-ல் மன்னிப்புக் கேட்டது. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அங்கே வாழ்ந்தவர்களின் சம்மதம் தேவையே இல்லை என்று நினைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

2022 கோடையில் ஏரி வற்றியபோது கல் சுவர்களின் மிச்சம் வெளியே தெரிந்தது. என்னைக் கூட்டிப்போய், பக்கத்து வீடு யாருடையது, பள்ளிக்கு எந்த வழியாக நடந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. தண்ணீருக்கடியில் போன ஹாஃபோட் ஃபாடோக் பண்ணையில் 17, 18-ம் நூற்றாண்டுகளில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபாட்டுக்குக் கூடினார்கள். அரசு கொடுத்த தொல்லை தாங்காமல் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பலர் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே பிரின் மவுர் என்ற ஊருக்குப் பெயர் வந்ததும் டோல்கெல்லாய் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்துதான். அந்தப் பண்ணைக்காரர் ரோலண்ட் எல்லிஸ் 1686-ல் போனவர். அமெரிக்காவிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் சிலர் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஏரியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் பெரியவர் விசாரித்து, தெரிந்ததைச் சொல்லி, வீட்டுக்கு டீ குடிக்கவும் கூப்பிடுவார்.

பெதெஸ்டாவிலிருந்து:

நான் பாங்கரில் படிக்கிறேன், தங்கியிருப்பது பெதெஸ்டாவில். வீட்டுக்காரம்மா கூடத்தில் ஒரு பழைய அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று வேல்ஷில் அச்சிட்டது. பென்ரின் சிலேட்டுக் கல் குவாரி வேலைநிறுத்தம் 1900 நவம்பரில் தொடங்கி மூன்று வருடம் நடந்தபோது, வேலைக்குத் திரும்பாத வீடுகள் இதை ஜன்னலில் வைத்திருந்தன. திரும்பிப் போனவர்கள் வீட்டு ஜன்னலில் அட்டை இருக்காது. தெரு இரண்டானது, தேவாலயமும் இரண்டானது. யார் வீட்டில் அட்டை இருந்தது என்பதைத் தன் பாட்டி கடைசிவரை மறக்கவில்லை என்கிறார்.

பாட்டியின் சித்தப்பா அந்தச் சமயத்தில் பிழைப்புக்காகத் தெற்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர், திரும்பவே இல்லை. அவர் பெயரும் வில்லியம் ஜோன்ஸ்தான். எங்கே தேடுவது என்று சொல்லுங்கள் அக்கா.

லாம்பீட்டர் பக்கத்திலிருந்து:

தம்பி, 1911 கணக்கெடுப்பில் பிறந்த இடமும் இருக்கும். பெதெஸ்டா பெயரோடு நிறுத்தாமல் லான்லெகிட், லான்டிகாய் என்ற இரண்டு பாரிஷ்களின் (தேவாலய வட்டாரங்களின்) பெயரையும் போட்டு, தெற்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த கிளமோர்கன் பகுதியில் தேடுங்கள். வடக்கே பிறந்து தெற்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் என்று பார்த்தால் பட்டியல் சுருங்கிவிடும்.

அவர் எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர் என்று வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். ஊர் மாறும்போது உறுப்பினர்கள் பழைய தேவாலயத்திலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டுபோய்ப் புதிய இடத்தில் கொடுப்பார்கள். பல தேவாலயங்கள் ஆண்டறிக்கையில் உறுப்பினர் பெயர்களையும் காணிக்கையையும் அச்சிட்டன. அபெரிஸ்ட்விதில் உள்ள தேசிய நூலகம் 1919 வரையிலான வேல்ஸ் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, மரணச் செய்திகளையும் பாருங்கள். முதலில் அவர் பிறந்த வீட்டின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.