சைலன்ட் வேலிக்கு அம்மாவ கூட்டிட்டு போலாம்ங்களா?

கோவைவாசி:
வணக்கம்ங்க. ஜனவரில அம்மாவோட கேரளாவுல இருக்குற சைலன்ட் வேலி காட்டுக்கு போலாம்னு இருக்கேன், கோயமுத்தூர்ல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாம்ங்களா? அம்மாவுக்கு 64 வயசு, முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. சிங்கவால் குரங்க நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாள் ஆச. ஆனா போயிட்டு வந்த ஒருத்தரு ஒண்ணுமே தெரியல வெறும் மரந்தான்னு சொல்லிட்டாரு, அதான் யோசனையா இருக்கு.

மலைப்பாதை:
ஒரே நாள் போதும்ங்க, விடிகாலைல கிளம்பிருங்க. ஆனைக்கட்டி, அகளி வழியா முக்காலிங்கிற ஊருக்கு போகணும். அதுக்கு மேல சொந்த வண்டிய விட மாட்டாங்க, வனத்துறை ஏற்பாடு பண்ற ஜீப்புல தான் காட்டுக்குள்ள இருக்குற சைரந்திரி வரைக்கும் 23 கிலோமீட்டர் போகணும், கூட கைடு வருவாரு. முன்னாடியே புக் பண்ணிருங்க. ரோடு செம குலுக்கல், அம்மாவ முன் சீட்ல உக்கார வைங்க. மேல வாட்ச் டவர் இருக்கு, படி நெறைய. குந்திப்புழை ஆத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் எறங்கி திரும்ப ஏறணும், அம்மாவுக்கு ரெண்டுமே வேண்டாம்.

சோலைமந்தி:
வெறும் மரம்னு சொன்னது மனசுக்கு கஷ்டமா இருக்குங்க. அந்த மரமெல்லாம் அணை கட்டி தண்ணிக்குள்ள போயிருக்க வேண்டியது, சுகதகுமாரி மாதிரி கவிஞருங்க, வாத்தியாருங்க, விஞ்ஞானிங்கன்னு வருஷக்கணக்கா போராடி 1983ல திட்டத்த கைவிட வச்சாங்க, 1984ல தேசிய பூங்கா ஆச்சு. நான் போனப்ப குரங்கு கண்ணுல படல. ஆனா பாதையோரத்துல வெடிபலா காய் ஒண்ணு கெடந்துச்சு, முள்ளு முள்ளா, பாதி கடிச்சு போட்டது, கடிச்ச எடம் இன்னும் ஈரமா இருந்துச்சு. இந்த மரத்தோட பூவும் காயும் தான் அதுங்களுக்கு முக்கியமான சாப்பாடுன்னு கைடு சொன்னாரு. எல்லாரும் பேசாம மேலயே பாத்துட்டு நின்னோம், ரொம்ப ஒசரத்துல ஒரு கெள மட்டும் ஆடி நின்னுச்சு, எனக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சு. குரங்க மட்டும் நம்பி போகாதீங்க, காட்ட பாக்க போங்க.

மழைக்காலம்:
ஜனவரி நல்ல டைம், மழைல போனா அட்டை ஒரு வழி பண்ணிரும். இருந்தாலும் பேண்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, கடிச்சா இழுத்து பிய்க்காதீங்க, உப்பு போட்டா விட்டுரும். பிளாஸ்டிக் எதுவும் கொண்டு போகாதீங்க. இன்னொண்ணு, முக்காலி பக்கம் ஓடுற பவானி ஆறு தான் பில்லூர் அணைக்கு வந்து நம்ம ஊருக்கு குடிதண்ணி ஆகுது, அம்மாவ அங்க ஆத்தோரமா கொஞ்ச நேரம் உக்கார வைங்க.

கோவைவாசி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பவானி விஷயத்த இப்பத்தான் அம்மாகிட்ட சொன்னேன், அப்ப டவரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அந்த ஆத்த காட்டுறான்னுட்டாங்க. இன்னைக்கே புக் பண்ணிடுறேன்.