கரையாத மருந்துக்கெல்லாம் மைக்ரோஎமல்ஷன்தான் வழியா?

கொழிஞ்சாம்பாறை_எம்பார்ம்:
தண்ணீரில் கரையாத மருந்துகளுக்கு மைக்ரோஎமல்ஷனைவிட, அதாவது மருந்தை எண்ணெயில் கரைத்து நீரில் மிக நுண்ணிய துளிகளாகப் பரப்பும் கலவையைவிட, நல்ல வழி இல்லை என்பது என் கட்சி; என் ஆய்வும் இதில்தான். மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரினையே பாருங்கள். 1983-இல் வந்த அதன் முதல் வணிக வடிவமான சாண்டிமியூன் எண்ணெய் சார்ந்த தயாரிப்பு. பித்தநீர், சாப்பாடு இரண்டையும் பொறுத்து ரத்தத்தில் ஏறும் அளவு ஆளுக்கு ஆள் மாறியது. 1995-இல் அமெரிக்க அனுமதி பெற்ற அதன் மைக்ரோஎமல்ஷன் வடிவமான நியோரால், வயிற்று நீர் பட்டதும் தானாகவே 100 நானோமீட்டருக்கும் சிறிய துளிகளாகப் பிரியும். மருந்து கூடுதலாக ஏறியது, சீராகவும் ஏறியது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது. எண்ணெய்க்கும் நம் பக்கம் பஞ்சமில்லை. தேங்காயெண்ணெயிலிருந்து பிரிக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு இதற்கு நன்றாகப் பொருந்தும்.

பொள்ளாச்சி_ஃபார்முலேஷன்:
தம்பி, சைக்ளோஸ்போரின் கொழுப்பில் நன்றாகக் கரையும், அதனால் நடந்தது. தண்ணீரிலும் கரையாமல் எண்ணெயிலும் கரையாமல் நிற்கும் மருந்துகள் எத்தனையோ. கணக்குப் போடுங்கள்: ஒரு கிராம் கலவையில் 50 மி.கி. கரைகிறது, வேளைக்கு 500 மி.கி. வேண்டும் என்றால் நோயாளி 10 கிராம் விழுங்க வேண்டும். அதில் பாதிவரை எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைக்கும் சோப்பு போன்ற சர்ஃபாக்டன்டாகவே இருக்கும். தினமும் சாப்பிடுகிறவரின் குடல் என்ன ஆகும்? அந்த மாதிரி மருந்தை உப்பாக மாற்றலாம், படிகமாகாதபடி பாலிமருக்குள் கலந்து திடக் கரைசலாக்கலாம், நானோ படிகமாக அரைக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை_எம்பார்ம்:
அளவு பெரிய மருந்துக்குச் சரி அண்ணா. ஆனால் திடக் கரைசலில் இருக்கும் மருந்து அலமாரியிலேயே மறுபடி படிகமாகிவிடுகிறதே? மைக்ரோஎமல்ஷன் வெப்ப இயக்கவியல்படி நிலையானது, பிரியாது.

பொள்ளாச்சி_ஃபார்முலேஷன்:
துளி பிரியாது. மருந்து துளிக்குள்ளேயே இருக்குமா? எச்.ஐ.வி. மருந்தான ரிடோனாவிரின் கேப்சூலில் மருந்து கரைந்த நிலையில்தான் இருந்தது. கரைதிறன் குறைந்த புதிய படிக வடிவம் ஒன்று தோன்றி, 1998-இல் அந்தக் கேப்சூலையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அது மைக்ரோஎமல்ஷன் இல்லைதான், ஆனால் கரைத்து வைத்தால் போதும் என்ற நம்பிக்கையை உடைத்த கதை. உங்கள் கலவைக்கு ஆபத்து வயிற்றில் இருக்கிறது. நீர்த்ததும், மருந்தைக் கரைக்க உதவும் எத்தனால் போன்ற துணைக் கரைப்பான் கழன்றுவிடும், குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதியான லைபேஸ் எண்ணெயைச் செரித்துவிடும், தாங்க ஆளில்லாமல் மருந்து கரைசலிலிருந்து பிரிந்து வீழ்படிவாகும். சீசாவில் தெளிவாக இருப்பதைப் படமெடுத்துப் போட்டு முடித்துக்கொள்ளும் ஆய்வுகளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. லைபேஸ் சேர்த்துச் செரிமானச் சோதனை செய்தீர்களா?

மீனாட்சிபுரம்_மருந்துக்கடை:
கடையில் நிற்கிறவனாக ஒன்று சொல்கிறேன். இந்த வகை சைக்ளோஸ்போரின் கேப்சூல் அட்டையைப் பிரித்தால் ஆல்கஹால் வாடை வரும், உள்ளே எத்தனால் இருக்கிறது. 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் மார்ச் வெயிலில், ஏ.சி. இல்லாத கடையில் அது எப்படி முடியும்? அப்புறம், பழைய எண்ணெய் வகையும் புதியதும் ரத்தத்தில் ஒரே அளவு ஏறாது. கோவையில் ஒன்றை வாங்கிவிட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து இன்னொன்றைக் கேட்பவர்களுக்கு, டாக்டரைக் கேட்காமல் மாற்றித் தரவே கூடாது.

கொழிஞ்சாம்பாறை_எம்பார்ம்:
எத்தனாலுக்குப் பதில் எளிதில் ஆவியாகாத துணைக் கரைப்பான்கள் இருக்கின்றன சார், அதைத்தான் எடுக்கப் போகிறேன். வீழ்படிவைத் தள்ளிப்போட எச்.பி.எம்.சி. என்ற செல்லுலோஸ் பாலிமரைச் சேர்ப்பேன். செரிமானச் சோதனையும் திட்டத்தில் உண்டு. கொழுப்பில் கரைகிற, சிறிய அளவே தேவைப்படுகிற மருந்துக்கு இதுதான் முதல் தேர்வு என்பதில் நான் இன்னும் உறுதி.

பொள்ளாச்சி_ஃபார்முலேஷன்:
எந்த மருந்து, வேளைக்கு எத்தனை மில்லிகிராம், எந்த எண்ணெயில் எவ்வளவு கரைகிறது? இந்த மூன்றையும் போடுங்கள். அது தெரியாமல் முதல் தேர்வு என்பதை நான் ஏற்கமாட்டேன்.