அம்மாவின்ர போர்சலின் பல்லில ராவின இடத்தில மட்டும் காவி, என்ன செய்யலாம்?

கேட்டவர், மாங்குளம்:
வணக்கம். அம்மாவுக்கு மேல் முன்பல்லு ரெண்டுக்கு போன வருசம் கப் போட்டது, உள்ளுக்கு உலோகம் வெளியில போர்சலின். ஒட்டினாப்பிறகு கீழ்ப்பல்லில முட்டுது எண்டு டொக்டர் மெசினால நுனியைக் கொஞ்சம் ராவி விட்டவர். இப்ப அந்த நுனி வழிய மண்ணிறமாக் காவி ஏறிக் கிடக்கு, மற்ற இடமெல்லாம் போட்ட நாள் மாதிரி வெள்ளைதான். அம்மா நாளுக்கு 5 தரம் பிளேன்டீ, பின்னேரம் வெத்திலை, முரசு வீங்கினதுக்கு ஒரு மாசமா குளோர்ஹெக்சிடின் எண்ட கிருமிகொல்லி மருந்தால கொப்பளிக்கிறா. கலியாணவீடு வருது, சிரிக்கேக்க கையால வாயைப் பொத்துறா, பாக்க எனக்குத் தாங்கேல்ல. கழட்டிப் புதுசு போடவேணுமோ?

கிளிநொச்சியில இருந்து:
உமிக்கரியை நல்லா அரிச்சு 3 நாள் தேய்க்கச் சொல்லுங்கோ தங்கச்சி, எங்கட ஆச்சி கடைசிமட்டும் அதாலதான் தேச்சவ.

பல் லாப்பில வேலை செய்யிறவர், வவுனியா:
அண்ணை குறை நினைக்காதேங்கோ, உமிச் சாம்பலில சிலிக்கா கிடக்கு, கப்பின்ர மினுக்கத்தைக் கீறிப்போடும், பிறகு காவி இன்னும் ஏறும்.
தங்கச்சி, போர்சலின் நிறம் மாறேல்ல. நாங்கள் லாப்பில கடைசியா 800 பாகைக்கு மேல அடுப்பில வைச்சு கிளேஸ் ஏத்துறனாங்கள், அது கண்ணாடித் தோல் மாதிரி, தேத்தண்ணிச் சாயம் பிடிக்க இடமில்லை. ராவுற ஊசியில வைரத்தூள் இருக்கு, அது பட்ட உடன அந்தத் தோல் போய் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் பள்ளமா நிக்கும். கரடு 0.2 மைக்றோனுக்கு மேல போனாலே கிருமிப் படை கூட ஒட்டும், காவியும் அதுக்குள்ளதான் போய் இருக்குது. ராவினாப்பிறகு பொலிஷ் பண்ணாமல் விட்டிட்டினம் போல, எனக்கு மனசு நோகிறது அதுதான். ஒட்டின கப்பை அடுப்பில வைக்கேலாது, ஆனா வைரத்தூள் கலந்த ரப்பர் முனையளால கரடானதில துவங்கி மென்மையானது வரை வரிசையா, நடுவில ஒண்டையும் விடாமல், கடைசியா பேஸ்டும் போட்டு வாயுக்குள்ளயே மினுக்கலாம். கிளேஸுக்குக் கிட்ட வரும். கீழ்ப்பல்லுக்கும் நல்லது, கரடான போர்சலின் எதிர்ப்பல்லைத் தேய்ச்சுப்போடும். ஒண்டு மட்டும், ராவின இடத்தில சுண்ணாம்பு மாதிரி மங்கலாவோ சாம்பல் நிறமாவோ தெரிஞ்சால் உலோகத்தை மறைக்கிற அடிப்பூச்சுக்கோ உலோகத்துக்கோ போட்டுது, அப்ப பொலிஷ் காணாது.

பல் கிளினிக்கில வேலை செய்யிற அக்கா, முல்லைத்தீவு:
குளோர்ஹெக்சிடினும் தேத்தண்ணியும் சேர்ந்தால் சொந்தப் பல்லே மண்ணிறமாகும் பிள்ளை. எவ்வளவு நாளைக்கு எண்டு டொக்டரிட்டைக் கேளுங்கோ, ஒரு மாசம் எண்டது கூடிப்போச்சு. புளோரைட் ஜெல் பூசினால் கப் இருக்கு எண்டு முதலே சொல்லுங்கோ, அமிலம் சேர்ந்தது போர்சலினை அரிக்கும், நியூட்ரல் எண்டது, அமிலமில்லாதது, பரவாயில்லை.

கேட்டவர்:
நன்றி அண்ணா, அக்கா. நேற்று வேற டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான், சாம்பல் நிறம் ஒண்டும் இல்லையாம், 3 விதமான ரப்பராலயும் பேஸ்டாலயும் அரை மணித்தியாலம் மினுக்கினவர். நுனிக் காவி முழுக்கப் போட்டுது, நாக்கால தடவினால் வழுவழு எண்டு இருக்காம். முரசோரம் மெல்லிசா ஒரு கோடு மிச்சம், அது கப்பின்ர விளிம்பில சீமெந்து தெரியுற இடமாம், அடுத்த கிழமை வரச் சொன்னவர். கொப்பளிக்கிறதையும் நிப்பாட்டியாச்சு. வெத்திலையை மட்டும் விடமாட்டன் எண்டிட்டா.

லாப்காரர்:
நல்லது தங்கச்சி. கோட்டை மினுக்கேக்க விளிம்பில இடைவெளி இருக்கோ எண்டும் பாக்கச் சொல்லுங்கோ, இருந்தால் உள்ளுக்கு சூத்தை வரும்.