இன்டிஹெனிஸ்மோ: "பழங்குடியியம்" பொருந்தாது

அன்புள்ள ஐயா,

பழங்குடி மரபை நாட்டின் அடையாளமாகப் போற்றிய மெக்சிகோவின் "இன்டிஹெனிஸ்மோ" இயக்கத்துக்குத் தமிழில் தாங்கள் தந்த "பழங்குடியியம்" சொல்ல எளிது. ஆனால் என் மனம் ஒப்பவில்லை. படிப்பவர் அதைப் பழங்குடியினர் தாமே வகுத்த கொள்கை என்று எண்ணிவிடுவார். நடந்தது வேறு. 1910இல் வெடித்த புரட்சிக்குப் பின் நகரத்து அறிஞர்களும் ஓவியர்களும் அதிகாரிகளும்தான் பழங்குடிக் கலையை நாட்டின் முகமாக உயர்த்திப் பிடித்தார்கள். 1916இல் "ஃபொர்ஹாந்தோ பாத்ரியா" (தாயகத்தை வார்த்தெடுத்தல்) என்ற நூலை எழுதிய மனுவேல் காமியோ தொல்லியலாளர். பழங்குடியினருக்கென 1948இல் அரசு அமைத்த தேசிய நிறுவனத்தின் முதல் இயக்குநர் அல்ஃபோன்சோ காசோவும் தொல்லியலாளரே. இருவருமே பழங்குடியினர் அல்லர். அந்த மக்களைப் போற்றிய அதே கைதான் ஸ்பானிய மொழியைக் கற்பித்து அவர்களைப் பொது ஓட்டத்தில் கரைக்கவும் முயன்றது.

கல்வி அமைச்சகச் சுவரில் தியகோ ரிவேரா தீட்டிய "கிராமத்து ஆசிரியை"யைப் பாருங்கள். ஆசிரியை தரையில் அமர்ந்து புத்தகத்தை விரித்திருக்கிறார். சிறுவரும் பெரியவரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். துப்பாக்கி ஏந்திய குதிரைவீரன் காவல் நிற்கிறான். பின்னால் உழவு நடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சை நெகிழவைக்கும் ஓவியம். ஆயினும் அந்தப் புத்தகம் வெளியிலிருந்து வந்தது.

ஆகவே "பழங்குடிச் சார்பு" என்கிறேன். சார்பு என்றாலே சாய்பவர் வேறு, சாயும் பக்கம் வேறு. ஆளைக் குறிக்கப் "பழங்குடிச் சார்பாளர்" கிடைக்கிறது. எதிர்முனைக்கு "ஸ்பானியச் சார்பு" என்றும் சொல்லலாம். ஓவியர்களுக்குச் சுவர்களைத் திறந்துவிட்ட கல்வி அமைச்சர் ஹோசே வாஸ்கொன்செலோஸின் மனம் ஸ்பானிய மரபின் பக்கமே சாய்ந்திருந்தது. இந்த இணைச்சொல் இல்லாமல் அவரை விளக்குவது கடினம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

"வெளியிலிருந்து வந்தது" என்ற இடத்தில் என் சொல்லைக் கைவிட்டேன். ஒரே தயக்கம்: "சார்பு" என்றால் ஒருதலைப்பட்சம் என்று கொள்ளமாட்டார்களா? "பழங்குடிப் போற்றல்" எப்படி?

*

ஐயா,

"போற்றல்" ஓவியத்துக்குப் பொருந்தும். பள்ளிக்கும் அரசாணைக்கும் பொருந்தாது. "ஒருசார்பு" என்றால்தான் குறை தொனிக்கும். "சார்பு" தனித்து நிற்கையில் அந்த நெடி இல்லை. தங்கள் "பழங்குடியிய"த்தையும் வீணாக்க வேண்டாம். பொலிவியாவில் ஃபாவுஸ்தோ ரெய்னாகா போன்ற பழங்குடிச் சிந்தனையாளர்கள் தம் குரலிலேயே பேசிய "இந்தியானிஸ்மோ"வுக்கு அதை வைத்துக்கொள்வோம். அங்கே அது அச்சாகப் பொருந்துகிறது.