மீட்டியார் பைக்குக்கு பின்சக்கர டயர் வேண்டும், அவசரம்

கம்பம்காரன்:
வணக்கம். என் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் பைக்கின் பின் டயரை மாற்ற வேண்டும். நடுவில் வழவழ என்று ஆகிவிட்டது. கம்பத்தில் இரண்டு கடை, தேனியில் மூன்று கடை கேட்டாயிற்று. அந்த சைஸ் வராது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை குமுளி வழியாகக் கொச்சிக்குக் கிளம்புகிறோம், அங்கே மழை பிடித்துவிட்டது. எது நல்லது, எங்கே கிடைக்கும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

போடிமெட்டு17:
எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? பின்னால் ஆள் உண்டா? பெட்டி கட்டுவீர்களா? முன் டயர் எப்படி இருக்கிறது? ஒன்றுமே சொல்லாமல் எது நல்லது என்றால் என்ன சொல்வது?

ஏலத்தோட்டம்:
பின் டயர் சைஸ் 140/70-17 தானே? அது ஏன் கிடைக்காது! என் மீட்டியாருக்குப் போன மாதம் சின்னமனூரிலேயே போட்டேன். கடைக்காரர் பழக்கம்தான், கேட்டுச் சொல்கிறேன்.

பட்டறைக்காரன்:
நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். புது டயர் போட்டாலும் இதே கதைதான். முதலில் காற்றைப் பாருங்கள்.

போடிமெட்டு17:
அண்ணே, கம்பத்திலிருந்து மதுரை வரை வளைவு எங்கே இருக்கிறது? நேர் ரோட்டிலேயே ஓடினால் காற்று சரியாக இருந்தாலும் நடுதான் தேயும். அப்படித் தட்டையான டயரோடு மலை ஏறினால், வளைவில் சாய்க்கும்போது வண்டி சட்டென்று விழுவது போல இருக்கும்.

நெடுஞ்சாலை மாமா:
22 வருடமாக ஓட்டுகிறேன், இப்படி ஒரு கேள்வியை இப்போதுதான் பார்க்கிறேன். தம்பி, டயர் வாங்கும் முன் டயரைப் படிக்கக் கற்றுக்கொள். சைஸ், எடை எண், வேக எழுத்து, செய்த தேதி எல்லாம் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிறது. கேட்கத் தெரியாதவனிடம் கடைக்காரன் இல்லை என்றுதான் சொல்வான்.

பெரியாறு எஸ்டேட்:
ஒரு சந்தேகம். 140/70-17 ஐந்து கடையில் இல்லை என்பது நம்பும்படி இல்லை. தம்பியிடம் இருப்பது மீட்டியார் 350 இல்லாமல், பெரிய வண்டியான சூப்பர் மீட்டியார் 650 ஆக இருக்குமோ? அதற்குப் பின்னால் 150/80 பி (B) 16. அந்த 16 இஞ்ச் சைஸ் நம் பக்கம் சுலபத்தில் கிடைக்காது.

கம்பம்காரன்:
ஆமாம் அண்ணே, 650 தான். வீட்டில் மீட்டியார் என்றே சொல்லிப் பழக்கம். 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, மனைவியும் வருகிறாள். ஒரு கடைக்காரர் 130/90-16 தருகிறேன், உட்கார்ந்துவிடும் என்கிறார். போடலாமா?

ஏலத்தோட்டம்:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா? சின்னமனூர்க் கடையில் உங்களுக்காக ஒரு 140/70 எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். இனி அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

நெடுஞ்சாலை மாமா:
130/90 போடவே போடாதே. சுற்றளவு மாறும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரியும்.

போடிமெட்டு17:
மாமா, கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் எண் அகலம் மி.மீ.இல், இரண்டாவது பக்க உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்று, கடைசி எண் ரிம் இஞ்ச்சில். 150/80-16 இன் விட்டம் சுமார் 646 மி.மீ. 130/90-16 சுமார் 640. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் நடுவிலேயே அவ்வளவு வரும்.

பெரியாறு எஸ்டேட்:
ஏபிஎஸ் காரணம் சரியில்லை, ஆனால் போடக்கூடாது என்பது சரி. அகலமான ரிம்மில் ஒல்லி டயரை ஏற்றினால் டயரின் வளைவு விரிந்து தட்டையாகும். மலை ரோட்டில் அதுதான் வினை. அப்புறம் எடை எண். கம்பெனி டயரில் 71 என்று இருக்கும், 345 கிலோ தாங்கும். அந்த 130இல் 67 என்று போட்டிருந்தால் 307 கிலோதான். வண்டியே 241 கிலோ, இரண்டு பேர், பெட்டி வேறு.

வண்டியோடு வந்த சியட் ஜூம் க்ரூஸ் டயரையே திரும்பப் போடுவது எளிது. கம்பெனி ஷோரூமில் வண்டி நம்பர் கொடுத்து ஆர்டர் போடலாம், ஆனால் வெள்ளிக்குள் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வழி: ஹார்லி டேவிட்சன் அயர்ன் 883 பைக்குக்கும் பின்னால் இதே 150/80 பி 16. அதனால் கோட்டயம், கொச்சி பக்கம் பெரிய வண்டி டயர் வைத்திருப்பவர்களிடம் "ஹார்லி சைஸ்" என்று கேளுங்கள். மெட்ஸலர் எம்ஈ 888, மிஷலின் கமாண்டர் 3 இரண்டும் இந்த சைஸில் உண்டு. எடை எண் 77, அதாவது 412 கிலோ. விலை கூடத்தான். 2020 ஜூன் முதல் வெளிநாட்டு டயர் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் என்பதால் எப்போதும் கையிருப்பு இருக்காது.

அதிகம் விற்காத சைஸ், அலமாரியில் கிடந்த சரக்கைத் தள்ளிவிடுவார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள். 2219 என்றால் 2019ஆம் வருடம் 22ஆவது வாரம் செய்தது. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

பட்டறைக்காரன்:
கடப்பாரை போட்டு நெம்புகிற கடையில் கொடுக்காதீர்கள், அலாய் ரிம் கீறினால் டியூப்லெஸ் டயரில் காற்று நிற்காது. பெடலால் கழற்றும் மெஷின் இருக்கிற கடை பாருங்கள். அம்புக்குறி சுற்றும் திசைக்குச் சரியா என்றும் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், காற்று.

குமுளி கடைத்தெரு:
கேரளாவில் வாங்கினால் வரி குறைவு, இரண்டாயிரம் மிச்சம்.

போடிமெட்டு17:
2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி. டயருக்கு எல்லா மாநிலத்திலும் ஒரே வரி.

குமுளி கடைத்தெரு:
அப்படியானால் பெட்ரோல் விலை மட்டும் ஏன் மாறுகிறது?

போடிமெட்டு17:
பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் இல்லை, மாநிலம் தனித்தனியாக வரி போடுகிறது. அதனால்தானே உங்கள் ஊர் வண்டியெல்லாம் கீழே இறங்கி வந்து டேங்க்கை நிரப்புகிறது.

குமுளி கடைத்தெரு:
நாங்கள் வருவது மிளகாய் வாங்க. பெட்ரோல் வழியில்.

நெடுஞ்சாலை மாமா:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். டயரைப் படி என்று.

ஏலத்தோட்டம்:
நீங்கள் சொன்னது ஏபிஎஸ் விளக்கு, மாமா.

பெரியாறு எஸ்டேட்:
தம்பி, இன்னொன்று விட்டுவிட்டேன். முன்னால் 100/90-19, மீட்டியார் 350க்கும் அதே சைஸ். ஆனால் அதில் வேக எழுத்து பி (P), 150 கி.மீ. வரைதான். உங்களுக்கு எச், 210 வரை. முன் டயர் மாற்றும்போது சைஸ் ஒன்றுதானே என்று ஏமாறாதீர்கள். புது டயர் போட்டதும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், மேல்பூச்சு வழுக்கும். வழியில் குட்டிக்கானத்தில் மழையோடு பனியும் இருக்கிறது.

போடிமெட்டு17:
கம்பம், என்ன ஆயிற்று? கிளம்பிவிட்டீர்களா?

ஏலத்தோட்டம்:
சின்னமனூர்க் கடைக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

கம்பம்காரன்:
போட்டாச்சு. ஒரு நாள் முன்னாடியே கிளம்பி, பழைய டயரோடு மெதுவாகக் கோட்டயம் வந்து மாற்றினேன். 77 தான், தேதியும் புதுசு. செம மழை. எல்லாருக்கும் நன்றி.

போடிமெட்டு17:
எந்தக் கம்பெனி? எவ்வளவு ஆச்சு?

பெரியாறு எஸ்டேட்:
கடை பெயரையும் சொல்லுங்கள் தம்பி, எனக்கும் அதே வண்டி, டிசம்பரில் தேவைப்படும்.

பட்டறைக்காரன்:
காற்று எவ்வளவு வைத்தார்கள்?